குரல் விலக்கு

லிஃப்ட் கதவு திறந்ததும் வழக்கம்போல இனிமையாகச் சொன்னது: "வருக, குப்பை. எந்தத் தளம்?"

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பழைய குடித்தனக்காரர்கள். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் புதிது. கைப்பையில் எதையோ தேடுவதுபோல முகத்தை அதற்குள் விட்டுக்கொண்டு சிரித்தான். அவள் "தரைத்தளம்" என்றாள். முப்பத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் முகம் சிவப்பதில்லை. கீழே வாசற்கதவு ஒருமுறை சொல்லும், பேருந்து ஒருமுறை சொல்லும், அலுவலகக் கதவு ஒருமுறை சொல்லும். வேலைக்குப் போய் உட்காருவதற்குள் அவள் யார் என்பதை ஓசூர் நகரமே காதாரக் கேட்டுவிடும்.

அவளுக்குத் தொட்டிலில் வைத்த பெயர் நறுமுகை. நாமாவது அவளை அப்படியே சொல்லுவோம். நம் குரல் கணக்கில் ஏறப்போவதில்லை.

கணக்கு என்றால் செவிவலையின் கணக்கு. சுவரிலும் கம்பத்திலும் கதவிலும் படுக்கையிலும் அதன் காதுகள் இருக்கின்றன. யார் யாரை என்னவென்று அழைக்கிறார்கள் என்பதை அது ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. தொட்டில் பெயருக்கு ஏழு வயது வரைதான் ஆயுள். அதன்பின் வருடத்துக்கொருமுறை பெயர்நாள் வரும். அந்த வருடம் ஊர் உன்னை எந்தப் பெயரால் அதிகம் அழைத்ததோ அதுவே உன் பெயர். முன்னொரு காலத்தில் ஆளுக்குப் பத்துப் பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றித் திரிந்தார்களாம். அதில் சலித்துப்போன அரசு, தன்னைப் பற்றித் தான் சொல்வது பொய், பிறர் சொல்வதே மெய் என்று சட்டம் போட்டது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ராஜா, தங்கம், செல்லம் என்று அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் ஒருநாள் காலையில் மொட்டையாகவும் குண்டுவாகவும் பல்லியாகவும் எழுந்தார்கள். உயர்நீதிமன்றத்தில் மாண்புமிகு சொட்டை என்றே ஒரு நீதிபதி ஓய்வு பெறும் வரை தீர்ப்புச் சொன்னார்.

நறுமுகைக்குக் குப்பை என்ற பெயரைக் கொடுத்தது பகையாளி இல்லை, பெற்ற தாய். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதைப் பெற்ற கையோடு விருத்தாசலத்து ரயில்வே குடியிருப்பின் குப்பைமேட்டுக்கு எடுத்துப்போய், அதில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். குப்பை என்று கூப்பிட்டால் எமன்கூட வேண்டாமென்று போய்விடுவான் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எமன் போய்விட்டான். பெயர் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் மதியச் சாப்பாட்டோடு நின்றுகொண்டு, "ஏ குப்ப, வாடி கண்ணு" என்று அம்மா ஒருநாள் கூப்பிட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருவரும் நறுமுகை என்ற சொல்லை வாயில் வைக்கவில்லை.

அந்தப் பெயரைக் கழற்ற அவள் படாத பாடு இல்லை. ஊரை விட்டாள், உறவை விட்டாள். யாருக்கும் தெரியாத ஓசூருக்கு வந்து, கதவுகள் சொல்லும் பெயரைக் கேட்டுச் சிரிக்காத ஒருவனாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். கணவன் செழியன் தண்ணீர் கேட்டாலும் "நறுமுகை, தண்ணி. நறுமுகை, நன்றி" என்பான். அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் அப்படியே அழைக்கவைத்தாள். கதவு சொன்னதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் அழைத்ததையும் மீறி, போன வருடம் இரண்டு பெயரும் ஏறக்குறையச் சமமாக வந்துவிட்டன. இந்த வருடம் நிச்சயம் என்று இருந்தபோதுதான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது.

விருத்தாசலத்திலிருந்து அம்மாவைக் கொண்டுவந்து ஓசூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது, ஒரே ஒரு சொல் தவிர. மூளையில் மற்றதெல்லாம் அழிந்தபின் அது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு நின்றது. தண்ணீருக்கும் குப்பை, பசிக்கும் குப்பை, வலிக்கும் குப்பை.

இல்லத்துப் படுக்கைகள் கெட்டிக்காரப் படுக்கைகள். கேட்டுக்கேட்டு அம்மாவின் குரலைப் பழகிக்கொண்டன. வெடுக்கென்று சொன்னால் தண்ணீர். இயந்திரக் கை குவளையை வாயருகே நீட்டும். இழுத்துச் சொன்னால் வலி. மெத்தை மெல்லப் புரட்டிப் படுக்கவைக்கும். இரண்டுமுறை சொன்னால் விளக்கை அணைக்கும். மெதுவாக, கடைசியில் கொஞ்சம் சிரிப்போடு ஒன்று சொல்லுவாள். அதற்கு மட்டும் படுக்கைக்குப் பொருள் தெரியவில்லை. அப்போது வாசலில் நறுமுகை நின்றிருப்பாள். நோயாளி யாரை அழைக்கிறாரோ அவருக்குத்தான் அங்கே கதவு திறக்கும். அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்து ஒருமுறை சொல்லுவாள், கதவு "வருக, குப்பை" என்று வழிவிடும்.

உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துவிடும்போதெல்லாம் நறுமுகை மனதுக்குள் எண்ணுவாள். ஒவ்வொரு தண்ணீருக்கும் கணக்கு ஏறுகிறது. ஒவ்வொரு வலிக்கும் ஏறுகிறது. செழியன் தொண்டை வற்ற வற்றக் கூப்பிட்டாலும் இந்த ஒரு வாய்க்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மகள் நிலவரசிக்கு ஆறு வயது முடிந்து மாதக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக் கதவு தினமும் தாய் பெயரைச் சேர்த்துத்தான் சொல்லும்: "குப்பையின் மகள் நிலவரசி, வருக." பிள்ளைகளுக்கு அது போதுமே. ஒருநாள் சாயங்காலம் நிலவரசி ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து கேட்டாள்.

"அம்மா, என்னைய எல்லாரும் குட்டிக் குப்பைன்னு கூப்பிடறாங்க. நான் பெருசானா பெரிய குப்பையாம்மா?"

நறுமுகை குனிந்து அவள் ஷூவைக் கழற்றிவிட்டாள். அடுத்த வருடம் இந்தக் குழந்தைக்குப் பெயர் நிலைக்கும். பள்ளிக் கதவு இந்தப் பெயர்நாளோடு அந்தச் சொல்லை நிறுத்தினால்தான் பிள்ளைகளுக்கு மறக்க ஒரு வருடம் கிடைக்கும். மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பெயர்க் கணக்கைப் பார்க்கும் பெயரவை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த அதிகாரியின் பெயர் வழுக்கை. தலை நிறைய முடி இருந்தது. எந்தக் காலத்தில் யார் கோபத்தில் வைத்ததோ. அவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வழி இருக்குங்க. குரல் விலக்குன்னு பேரு. நிதானமில்லாம பேசற ஒருத்தரோட குரலை, அவங்க பிள்ளை கேட்டா, வலையிலிருந்து எடுத்துடலாம். இதுவரைக்கும் கூப்பிட்டதும் கணக்குல இருந்து போயிடும்."

"எடுத்துடுங்க."

"முழுசாக் கேளுங்க. பேரை மட்டும் எடுக்க முடியாது. வலைக்கு அவங்க குரலே கேட்காது. அவங்க படுத்திருக்கிற படுக்கையும் அதே வலைதான்."

"வேளாவேளைக்குச் சாப்பாடு?"

"அது தானா வரும். நடுவுல கூப்பிட்டா வராது."

"பெயர்நாள் முடிஞ்சதும் திரும்பச் சேர்த்துக்கலாமா?"

"சேர்த்துக்கலாம். ஆனா அவங்களே கேக்கணும். சொந்தக் குரல்ல, முழு வாக்கியமா." வழுக்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்களேன்."

"எனக்குப் பொண்ணு இருக்குங்க" என்றாள் நறுமுகை. அதைச் சொன்னபோது தானும் ஒரு தாய்க்குப் பெண்ணாகப் பிறந்தவள் என்ற நினைவே அவளுக்கு இல்லை. மைக்கில் சம்மதம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசற்கதவு, "சென்று வருக, குப்பை" என்றது. பெயர்நாள் வரைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே இல்லத்துக் காப்பாளர் ரோசரிக்குப் போன் செய்து விலக்கைப் பற்றிச் சொன்னாள். அந்தத் தளம் முழுவதற்கும் மனுஷி என்று இருப்பது ரோசரி ஒருத்திதான்.

"அடிக்கடி எட்டிப் பாத்துக்குங்கக்கா. கொஞ்ச நாளைக்குத்தான்."

"நாப்பது படுக்கைம்மா. நான் ஒருத்தி." ரோசரியின் மூச்சு போனில் கேட்டது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னாப் புரியாதுக்கா."

"புரியுமான்னு கேக்கல. சொன்னீங்களான்னு கேட்டேன்."

நறுமுகை போனை வைத்துவிட்டாள்.

பெயர்நாள் வரை அவள் இல்லத்துக்குப் போகவில்லை. போனாலும் கதவு திறக்காது. ரோசரியைக் கேட்டால் திறந்துவிடுவாள், அது வேறு விஷயம். அம்மாவின் முகத்தில் முழிக்க அவளுக்குத் துணிவில்லை. புதுப் பெயரோடு போவோம், பூவும் இனிப்பும் வாங்கிக்கொண்டு போவோம், அம்மா முகம் மலரும் என்று தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டாள். ரோசரி ஒருநாள் அவளாகவே கூப்பிட்டாள்.

"விடாமக் கூப்பிட்டுட்டே இருக்காங்கம்மா. நான் போறப்ப தண்ணி குடுக்கறேன். நான் போற நேரத்துக்கா அவங்களுக்குத் தாகம் எடுக்கும்? முதுகுல புண்ணு வந்திருக்கு."

"பெயர்நாள் முடியட்டும்க்கா."

"குரல் கம்மிப்போச்சு. அப்பவும் நிறுத்தல."

"முடியட்டும்க்கா" என்றாள் மறுபடியும். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நிலவரசிக்கு ஊட்டிவிட்டாள்.

பெயர்நாளன்று காலையில் வீட்டில் மூவரும் குளித்துப் புதுத்துணி உடுத்தி லிஃப்ட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். செழியன் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது.

"வருக, நறுமுகை. எந்தத் தளம்?"

அவள் சுவரில் சாய்ந்து அழுதாள். முப்பது வருடத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்த அழுகை. எல்லாத் தளத்துக்கும் ஏறி இறங்கி, கதவு மூட மூடத் திறந்து திறந்து, லிஃப்ட்டையே திரும்பத் திரும்பப் பெயர் சொல்லவைத்தார்கள். பள்ளி வாசலில், "நறுமுகையின் மகள் நிலவரசி, வருக" என்று கதவு சொன்னபோது நிலவரசி திரும்பி அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். உள்ளே போகுமுன் ஓடிவந்து கேட்டாள்.

"பாட்டி மறுபடியும் அந்தப் பேரச் சொன்னா என்னம்மா பண்றது?"

"சொன்னாலும் யாருக்கும் கேக்காது கண்ணு."

குழந்தை நிம்மதியாக உள்ளே போனாள். செழியன் வேலைக்குப் போய்விட்டான். நறுமுகை மல்லிகைப் பூவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் பேருந்து ஏறினாள். பேருந்தும் அவள் பெயரை அழகாகச் சொன்னது.

அம்மாவின் அறைக் கதவு திறக்கவில்லை.

"நறுமுகை, இங்கே உங்களை யாரும் அழைக்கவில்லை" என்றது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா விழித்துத்தான் இருந்தாள். இளைத்துப் போயிருந்தாள், உதட்டில் வெடிப்பு, ஓரத்தில் காய்ந்த ரத்தம். கண் நேராக இவளைப் பார்த்தது. வாய் அசையவில்லை. நறுமுகை பூவைத் தூக்கிக் காட்டினாள், கண்ணாடியைத் தட்டினாள். கதவு மறுபடியும் அதையே அதே இனிமையோடு சொன்னது.

ரோசரி வந்து தன் கையை வைத்துத் திறந்துவிட்டாள்.

"ரெண்டு நாளாக் கூப்பிடறதையே நிறுத்திட்டாங்க" என்றாள். "அந்தப் பேரைச் சொன்னா யாரும் வர்றதில்லன்னு தெரிஞ்சுக்கிட்டாங்கபோல."

"தண்ணி கேக்கலயா?"

"எதைச் சொல்லிக் கேப்பாங்க? அவங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதானே." ரோசரி அடுத்த படுக்கையைப் பார்க்கப் போனாள்.

நறுமுகை குவளையை எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. அம்மா மடமடவென்று குடித்தாள். குடித்துமுடித்துக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக இப்போதுதான் அந்தச் சிரிப்போடு ஒன்று வரும்.

"அம்மா, கூப்பிடும்மா."

வாய் திறந்தது. ஏதோ ஒன்று தொண்டை வரை வந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"ஒரே ஒரு தடவைம்மா. கணக்குல எல்லாம் ஏறாது. சும்மா கூப்பிடு." கையைப் பிடித்து உலுக்கினாள். நல்ல கைதான் அது. அதில் பலம் இருந்தும் அது திரும்பப் பிடிக்கவில்லை. அந்தக் கை நாள்கணக்காக யாரையோ தேடித் தேடிப் படுக்கையின் கம்பியைப் பிடித்துப் பிடித்து, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நறுமுகை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தன் வாயால் சொல்லியிராததை அம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள்.

"அம்மா, குப்ப வந்திருக்கேன். உன் குப்ப வந்திருக்கேம்மா."

படுக்கைக்கு அவள் குரல் நன்றாகக் கேட்டது. கேட்டதால் பதில் சொன்னது.

"மன்னிக்கவும். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை."

அம்மா அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு மெத்தையின் உதவி இல்லாமல், இருக்கிற பாதி உடம்பின் பலத்தில், கஷ்டப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.