கடைசி இரண்டு பக்கங்கள்

பெர்லா அக்காவின் சவப்பெட்டியருகே இருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தேன். மணி பகல் ஒன்று. வாசல் காவலர் இஸ்கோ அண்ணன் என் கறுப்புச் சட்டையைப் பார்த்தார்.

“வழியில எங்கயும் எறங்கலையா நெனி?”

“இல்லண்ணே.”

“ஒரு கடையில நின்னு காப்பியாவது குடிச்சிட்டு வரணும்னு மணிலாவுல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நேரா வந்தா செத்தவங்க கூடவே வந்துருவாங்க. ஏற்கெனவே லிஃப்ட்ல எடமில்ல.”

“தெரியும்ண்ணே.”

தெரிந்துதான் வந்தேன்.

லிஃப்டில் நான் மட்டும். பத்தொன்பதாவது மாடி வரை ஆற்றுச் சேற்றின் வாடை.

லண்டன் வழக்கறிஞர்கள் எழுதிவிட்டுத் தூங்கப் போவார்கள். அவர்கள் விழிப்பதற்குள் நாங்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து அனுப்ப வேண்டும். பிழை பார்ப்பது இருவர் வேலை. ஒருவர் காற்புள்ளிகூட விடாமல் உரக்க வாசிப்பார். மற்றவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் ‘ம்’ சொல்வார். முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடுவோம். தொடங்கிய ஜோடிதான் முடிக்க வேண்டும்.

பெர்லா அக்கா வாசிப்பாள். நான் ‘ம்’.

அதற்கு முந்தைய செவ்வாய் புயல். கப்பல் குத்தகை ஒப்பந்தம் ஒன்றை வாசிக்கும்போது அவளுக்குப் போன் வந்தது. ஆற்றோர மரிக்கினாவில் அவள் வீட்டுப் படியேறிவிட்டது தண்ணீர். அம்மா தனியாக.

“நான் கெளம்பவா நெனி?”

“ரெண்டு பக்கம்தான்க்கா.”

வாசித்தாள். இருபது நிமிடம். அவள் தெருமுனைக்குப் போனபோது வெள்ளம் கழுத்தளவு. அம்மாவை அதற்கு முன்பே பக்கத்து வீட்டார் கூரைமேல் ஏற்றியிருந்தார்கள். அவளுக்குச் சொல்ல ஆளில்லை; தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

அன்று காலை அந்த அம்மா என் கையில் ரொட்டியை வைத்தார். “எடுத்த வேலைய முடிக்காம வரமாட்டா என் பொண்ணு” என்றார். 

அதே ஒப்பந்தம் திருத்தங்களோடு திரும்பி வந்திருந்தது. என்னோடு புதிதாக வாசிக்கப்போகிறவள் மூன்று மணிக்கு வருவாள் என்றார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தாளை எடுத்தேன்.

எதிர் நாற்காலியிலிருந்து தரையில் நீர் சொட்டியது.

“பிரிவு ஒன்று, காற்புள்ளி...”

அவள் குரல். தொண்டையில் மணல் கிடப்பதுபோல.

நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘ம்’ சொன்னேன். பக்கம் பக்கமாகச் சொன்னேன். 

இரண்டு பக்கம் இருக்கும்போது குரல் நின்றது.

“நான் கெளம்பவா நெனி?”

இதற்காகத்தான் வந்தேன்.

“கெளம்புக்கா. இப்பவே போ. அம்மா நல்லா இருக்காங்க. நீ மெதுவாப் போ.”

நாற்காலி நகர்ந்தது. ஈரப் பாதங்கள் கதவு வரை போயின.

நின்றன.

திரும்பி வந்தன.

“ரெண்டு பக்கம்தானே” என்றாள். கோபமே இல்லை. “முடிச்சிட்டே போறேன்.”

வாசித்தாள். அழுதுகொண்டே ‘ம்’ சொன்னேன்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். கடைசிப் பக்கத்தில் என் சுருக்கொப்பம். அதன் பக்கத்தில் அவளுடையது.

இரண்டு மாதமாகிவிட்டது. அவள் சுருக்கொப்பத்தைத் தொட்டால் இன்னும் விரலில் ஈரம் ஒட்டுகிறது.