விடுமுறை வீட்டுக்கு ஒரு சாம்பிள்

சத்தம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்ணயரலாம் என்று மாடி அறைக்குள் நுழைந்த அருள்செல்வனுக்கு, காணாமல் போனது சத்தம்தான் என்று உடனே பிடிபடவில்லை. காது அடைத்துக்கொண்டதாக நினைத்துச் சுண்டுவிரலால் குடைந்து பார்த்தார். பத்தொன்பது வருடங்களாக திருப்பூர் நல்லூரில் இருந்த அந்த வீட்டின் பின்சுவருக்கு அப்பால் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டின் வட்ட மிஷின்கள் ஒரு பெரும் வண்டுக் கூட்டம் போல உறுமிக்கொண்டிருந்தன. தூங்கும்போதும் சண்டை போடும்போதும் சாமி கும்பிடும்போதும் உள்ளங்காலில் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்த அந்த உறுமல், இப்போது அறையின் வாசற்படியோடு கத்தரித்தாற்போல நின்றிருந்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தார். உறுமல். முன்னால் வைத்தார். ஒன்றுமில்லை. அப்படியும் சொல்ல முடியாது; வெகு தூரத்தில் யாரோ ஒரு பெரிய போர்வையை இழுப்பதும் விடுவதுமாக இருப்பது கேட்டது.

பிறகு வாசனை. சாயமும் மிஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்து வீசும் வழக்கமான காற்றுக்குப் பதில் உப்பு ஈரம் இருந்தது, நனைந்து நனைந்து காய்ந்த மரத்தின் வாடை இருந்தது. சந்தன நிறச் சுவர் சுண்ணாம்பு வெள்ளையாகியிருந்தது. பாதத்துக்குக் கீழே நறநறத்தது. குனிந்து தொட்டுப் பார்த்தார். மணல்.

அருள்செல்வன் எதற்கும் அஞ்சாதவர் என்பது அவருடைய விசிட்டிங் கார்டைப் படித்த எல்லோருக்கும் தெரியும். பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர், ஒரு சங்கத்தின் துணைத் தலைவர், இன்னொரு சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர், கோயில் திருப்பணிக் குழுவின் புரவலர் என்று கார்டின் இருபுறமும் எழுத்து நிறைந்து, போன் நம்பருக்குத்தான் இடம் நெருக்கடி. அப்பேர்ப்பட்டவரின் நிம்மதியைக் கெடுத்தவர் சகலை முருகவேல். அவர் போன மாதம் போர்ச்சுகல் கடற்கரையில் விடுமுறை வீடு ஒன்றை வாங்கி, அதன் கிரகப்பிரவேச விருந்தைத் திருப்பூர்க் கல்யாண மண்டபத்தில் வைத்தார். வீடு வர முடியாததால் அதன் படம் போட்ட இருபதடி பிளெக்ஸ் வந்திருந்தது. ஐயர் அதற்குத்தான் சூடம் காட்டினார்.

"நாமளும் ஒண்ணு வாங்கிப் போடோணும்" என்று அன்றே காரில் சொன்னார் அருள்செல்வன்.

"வருசத்துல ஒரு வாரம் போறதுக்கு எதுக்குங்க சொந்த ஊடு?" என்றாள் மனைவி சண்முகப்பிரியா. "வாடகைக்கு எடுத்தாப் போதாதுங்களா?"

"வாடகை ஊட்டுக்கு யாராச்சும் பிளெக்ஸ் வெப்பாங்களா?"

"அப்படின்னா பிளெக்ஸ மட்டும் அடிச்சுக்கலாமுங்க. ஊடு எதுக்கு?"

இருபத்து நான்கு வருடத்தில் அவள் சம்மதம் இல்லாமல் அவர் பெரிதாக எதையும் செய்ததில்லை. அதை வெளியே சொன்னதும் இல்லை. வாங்குவதா, வாடகையா என்று இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் தொழில் புத்தி வழிகாட்டியது. கடற்கரை வீடுகளை விற்கவும் வாடகைக்கு விடவும் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டார்: முதலில் சாம்பிள் அனுப்பவும், அப்ரூவ் ஆனபின் ஆர்டர். இந்த ஊரில் ஒரு டஜன் பனியனுக்கே சாம்பிள் பார்க்காமல் யாரும் தலையாட்டுவதில்லை. வீட்டுக்கு மட்டும் என்ன சலுகை? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சாம்பிள் அனுப்பியாகிவிட்டது.

அது நேற்று, திங்கட்கிழமை. போட்டோக்களாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

இப்போது வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். ஓடு என்றன கால்கள். ஆனால் சாம்பிள் வந்தால் அளந்து பார்த்தே இருபத்தைந்து வருடம் பழகிய கை அவருடையது. அது தன்பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து இன்ச் டேப்பை உருவியது. சன்னல் மூன்று அங்குலம் தாழ்வு. சுவரின் வெள்ளை கண்ணை உறுத்துகிறது, ஒரு ஷேடு குறைக்கவும். அங்கேயே நின்று மெயிலில் தட்டி அனுப்பிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

புதன்கிழமை மதியம் சன்னல் மூன்று அங்குலம் உயர்ந்திருந்தது. வெள்ளை தணிந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் கடல் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுத்தண்டில் குளிர் இறங்கியது. கூடவே, சொல்ல வெட்கம்தான், ஒரு பெருமையும் ஏறியது. எந்த சப்ளையர் ஒரே நாளில், சொன்ன குறையைத் திருத்தி அனுப்புகிறான்? முருகவேலுக்கு பிளெக்ஸ்தானே வந்தது?

மனைவியைக் கூப்பிட்டார்.

சண்முகப்பிரியா படியேறி வந்து வாசலில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள்.

"உள்ள வா புள்ள. சன்னலப் பாரு."

"வேண்டாமுங்க."

"சும்மா ஒரு எட்டு."

"ஆகாதுங்க. குளுருது. யாரோ படுத்து எந்திரிச்ச ரூமாட்ட இருக்குது." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "வாடகைன்னா ஒரு வாரத்துல சாவியக் குடுத்துட்டுத் திரும்பி வந்தரலாமுங்க. வாங்கிப்போட்டா எப்படித் திரும்பறது?"

"காத்துல உப்பு வாசம் அடிச்சா உனக்குப் பயமாக்கும்?"

"ஆமாங்க, பயந்தான்" என்றாள், சிரிக்காமல். இறங்கிப் போய்விட்டாள்.

அந்த வீம்பில்தான் அருள்செல்வன் அந்தத் தவறைச் செய்தார். அவருடைய ஊர்க்காரர் தவிர வேறு எவரும் செய்ய முடியாத தவறு. துணியைத் தொங்கவிட்டுப் பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லை; ஆள்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபிட் சாம்பிள். ஆகவே மெயிலில் எழுதினார்: அறை திருப்தி, ஆனால் என் மனைவி அதற்குள் எப்படி இருப்பாள் என்று தெரிய வேண்டும், ஃபிட் சாம்பிள் அனுப்பவும். கூடவே சண்முகப்பிரியாவின் அளவுகளையும் இணைத்தார். தோள், மார்பு, கைநீளம், கழுத்துச் சுற்று. அளவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய கம்பெனியின் மீடியம் சைஸ் இத்தனை வருடமும் அவள் உடம்பில்தான் சரிபார்க்கப்பட்டது. ஐரோப்பாவில் பாதிப் பெண்கள் அவள் தோள் அளவில்தான் உடுத்திக்கொண்டிருந்தார்கள், அவளுக்குத்தான் அது தெரியாது.

பதில் உடனே வந்தது. அளவு மட்டும் போதாது, ஒரிஜினல் பீஸிலிருந்து பேட்டர்ன் எடுத்துக்கொள்ளலாமா?

அதைப் படித்தாரா என்பதே சந்தேகம். ஒரு நாளைக்கு நூறு மெயிலுக்கு எழுதுவதைக் கட்டைவிரல் எழுதிற்று. ஓகே, ப்ரொசீட்.

வியாழன். மதியம் இரண்டரை.

கதவைத் திறந்தார். அலை பக்கத்தில் வந்திருந்தது. ஒவ்வொன்றும் சுவரின் அடியில் வந்து மோதி, பெருமூச்சுவிட்டு, கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு பின்வாங்குவது கேட்டது. சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை. இடது தோள் வலது தோளைவிடக் கால் அங்குலம் தாழ்ந்த அந்த அமைப்பு அவருக்கு மனப்பாடம்.

"அட, வரமாட்டேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டயே" என்றார்.

அவள் திரும்பவில்லை.

தலையில் பின்னல் இருந்தது. காதோர நரை இருந்தது. கழுத்தில் தாலிக்கொடியின் கோடு இருந்தது. மூச்சு இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முதுகு ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. கொஞ்சம் நேரம் விட்டு இன்னொரு முறை. பழகிக்கொள்வதுபோல.

"ஏனுங்க!" கீழே சமையலறையிலிருந்து சண்முகப்பிரியாவின் குரல். "மோர் ஊத்தி வெச்சிருக்கறனுங்க. மறந்துட்டு மேல போய்ட்டீங்க."

நாற்காலியில் இருந்தவளின் தலை, அந்தக் குரல் வந்த பக்கம், லேசாகச் சாய்ந்தது. கேட்டுக்கொண்டது.

படியில் எப்படி இறங்கினார் என்று தெரியாது. சண்முகப்பிரியா சாப்பாட்டு மேசை அருகே நின்று பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை. முகத்தில் வேர்வை. உயிரோடு இருந்தாள்.

"இங்க பாருங்க. காத்தாலருந்து என்னமோ நூலு ஒட்டியிருக்குது. தட்டுனாப் போகமாட்டேங்குது."

பிடரியில், பின்னலுக்குக் கீழே, ஒரு அங்குலப் பிசிறு. நூற்பாலையிலும் தையல் யூனிட்டிலும் ஆயுசைக் கழித்த ஊரில், எதிரில் நிற்பவர் உடம்பில் பிசிறு கண்டால் கை சும்மா இருக்காது. மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவன் காலரிலும் இழுப்பார்கள், பிணத்துக்குப் போர்த்திய கோடித்துணியிலும் இழுப்பார்கள். அருள்செல்வனின் கையும் இழுத்தது.

ஒரு சாண் வந்தது.

"ஸ்ஸ்" என்றாள் சண்முகப்பிரியா.

நூல் அவள் தோலின் நிறத்தில் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. பிடரியிலிருந்து வலது தோள்வரை, ஒரு தையல் விட்டுப்போனதுபோல, மெல்லிய கோடு திறந்திருந்தது. ரத்தம் இல்லை.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அசையாத. அசையாம நில்லு."

அவருக்கு அப்போது புரிந்தது. ஒரிஜினல் பீஸிலிருந்து பேட்டர்ன் எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாதா? ஆர்டர் தரும் பையர் மாதிரிக்கு அனுப்பிய உடுப்பைத் தையல் தையலாகப் பிரிப்பார்கள். முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி, கை தனி. மேசையில் விரித்து, சுருக்கம் போகத் தடவி, ஓரம் பார்த்துக் காகிதத்தில் வெட்டு அளவை வரைவார்கள். பேட்டர்ன் கிடைத்தபின் பிரித்த உடுப்பை யாரும் திருப்பித் தைப்பதில்லை.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கேன்சல். கேன்சல். வாங்கலை. வாடகையும் வேண்டாம். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. அனுப்பினார். போன் அடித்தது.

"வணக்கமுங்க" என்றது ஒரு குரல். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, மிக மரியாதையான குரல். "கட்டிங் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கேன்சல் பண்ண முடியாதுங்களே. நீங்களே உங்க பையருக்கு அப்படித்தானுங்க சொல்லுவீங்க?"

"என்ன வேணாலும் தர்றேன். அவள விட்டுருங்க."

"ஒரே ஒரு பீஸ்தானுங்க. பொறுமையாத்தான் பண்றாங்க."

உள்ளே சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். தையல் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தம். படக். படக். படக். நடுவில் ஒருமுறை, "ஏனுங்க" என்று அவள் குரல், அழுகையில்லாமல், சந்தேகம் கேட்பதுபோல.

படக்.

அவர் கால்கள் வாசலில் ஒட்டிக்கொண்டன. துணைத் தலைவர், முன்னாள் துணைத் தலைவர், புரவலர். ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

சத்தம் நின்றது.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. வெறுங்கால்கள் படியில் இறங்கின. ஒவ்வொரு படியிலும் மணல் நறநறத்தது. கடைசிப் படியில் மஞ்சள் சேலை தெரிந்தது. முகம் தெரிந்தது. சண்முகப்பிரியாவின் முகம். ஒரு சுருக்கம் கூட இல்லை.

"நானும் யோசிச்சனுங்க" என்றது அது, அவள் குரலில், அவள் ஒருநாளும் பேசாத இனிப்போடு. "வாடகையெல்லாம் வேண்டாமுங்க. வாங்கீரலாமுங்க."

அவர் அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை முழுக்க விரித்திருந்தது. கைகள் தனியாக, இரு ஓரங்களிலும். பின்பக்கம் ஒரு துண்டு. முன்பக்கம் இரண்டு துண்டு. நான்கு மூலைக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்து, காற்றில் பறக்காதபடி, சுருக்கமில்லாமல் நீவிவிட்டிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

முகமும் இரண்டாகத்தான் இருந்தது. மேசையின் இந்த ஓரத்தில் ஒரு கண். அந்த ஓரத்தில் ஒரு கண். ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடந்த அந்த இரண்டு கண்களும் மெல்ல உருண்டு, அருள்செல்வனைக் கண்டுபிடித்து, இமைத்தன.