மணல் ஆற்றில் ஒற்றை மணி

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு. சங்கு ஊதியபின் பதில் மணிக்குக் காத்திருக்காமல் மதகைத் தூக்கிவிட்டேன். மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இனி இப்படி நடக்காது.

'சின்ன' என்பதை அடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, மறுபடியும் அதையே எழுதினான் ரூபேஷ்.

மறுநாள் காலை தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து பைக்கில் கிளம்பி, பூதிகோட்டையைத் தாண்டி அணைக்குப் போய்ச் சேர்ந்தான். கரைமேல் கூட்டம் நின்றது. கடைமடை கங்கம்மாவை ஆற்றிலிருந்து எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். மூடாத வாய் நிறைய ஈர மணல்.

அணை வந்தபின் அதற்குக் கீழே ஆறு என்று ஒன்று இல்லை. மதகு திறந்தால் வெள்ளம்; மற்ற நாளெல்லாம் மணல். அந்த மணலில் ஊற்றுத் தோண்டித்தான் கீழ் ஊர்க்காரர்கள் மாட்டுக்குத் தண்ணீர் எடுத்தார்கள். அதனால் மதகுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தங்கச் சுரங்கம் மூடியபின் இங்கே வேலைக்கு வந்தவர்கள், சுரங்கத்தில் ஆட்களை ஏற்றிய கேஜ் கூண்டை இறக்கும்போது அடிக்கிற மணியைப் போல ஏற்படுத்தியது அது. மேலே சங்கு ஊதினால், கீழே புளியமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கங்கம்மா அடிப்பாள். இரண்டு அடி அடித்தால் ஆற்றில் ஆளில்லை, திறக்கலாம். ஒற்றை அடி என்றால் ஆள் உள்ளே இருக்கிறது, திறக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை ஒரு அடியும் கேட்கவில்லை. அவளே ஊற்றில்தான் இருந்திருக்கிறாள்.

"ரெண்டு மணி அடிச்சாங்க, அப்புறந்தான் இவன் தூக்கினான்," என்றார் மூத்த மதகுக்காரர் சிவராஜ், யாரும் கேட்காமலே. "குடத்த வுட்டுட்டு வந்துட்டோமேன்னு திரும்ப எறங்கியிருப்பாங்க. வயசான காலத்துல இன்னாத்துக்கு அந்த ஆச?"

கங்கம்மாவின் மகன் ரவிகுமார் ரூபேஷைப் பார்த்தான்.

"நீ கேட்டியாப்பா?"

"கேட்டேண்ணா."

ரவிகுமார் தலையைக் குனிந்துகொண்டான். தாயின் தப்புக்கு அவன் வெட்கப்படுவதைப் பார்த்துக்கொண்டே ரூபேஷ் நின்றான்.

கடைமடைக்குத் தண்ணீர் விடும் அடுத்த முறை வந்தபோது வயலெல்லாம் வெடித்திருந்தது. மரத்திலிருந்த தண்டவாளத் துண்டை ரவிகுமார் கழற்றி வீட்டில் போட்டுவிட்டான். இனி போனில் சொல்வதாக ஏற்பாடு.

சாயங்காலம் ரூபேஷ் சங்கு ஊதினான். ஓலம் மணல்மேல் போய்த் தேய்ந்து அடங்கியது. போன் அடித்தது. ரவிகுமார்.

"ஆத்துல யாரும் இல்லப்பா. தெற."

மதகுச் சக்கரத்தில் கை வைத்தான். சேற்று வாடை மூக்கில் ஏறியது.

டங்.

கீழேயிருந்து. ஒரே ஒரு அடி.

காத்திருந்தான். இரண்டாவது வரவில்லை.

"இன்னாடா, கல்யாண மாப்ள மாரி நிக்கிற? தூக்கு!" என்றார் சிவராஜ்.

"மணி கேக்குதுண்ணா."

"மணியா? தள்ளு."

அவர் சக்கரத்தைப் பிடித்தார்.

டங்.

சிவராஜின் கை அப்படியே நின்றது. மெல்ல அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். வேட்டியில் ஈர மணல் ஒட்டியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்று கிசுகிசுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

இருட்டும் நேரத்தில் ரவிகுமார் மேலே வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தக்காளி கருகுதுப்பா. எங்கம்மா பண்ணது தப்புதான். ஊரே பேசுது. அதுக்காவ எங்களுக்குத் தண்ணி இல்லன்னுடாத."

ரூபேஷ் சக்கரத்தைக் காட்டினான். "மதகு மக்கர் பண்ணுதுண்ணா," என்றான். அதுவும் பொய்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு டைரியை எடுத்தான்.

நாளை: மதகுக்கு கிரீஸ் போட வேண்டும்.

டங்.

ஆறு எங்கேயோ இருக்கிறது. இது ஜன்னலுக்கு வெளியே.

அந்த வரியை அடித்தான். நாளை: ரவிகுமாரைப் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும்.

டங்.

இப்போது அறைக்குள். சேற்று வாடை. தாளின்மேல் எங்கிருந்தோ ஈர மணல் உதிர்ந்தது. யாரோ தோளுக்குப் பின்னால் குனிந்து படிப்பதுபோல விளக்கொளி மங்கியது. அவன் திரும்பவில்லை. மணலை ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதினான். இந்த முறை மணி அடிக்கவில்லை. தோளின் ஈரம் மட்டும் விலகாமல் இருந்தது.

நாளை: விடிந்ததும் ரவிகுமார் வீட்டுக்குப் போக வேண்டும். அன்று மணியே கேட்கவில்லை, நான்தான் திறந்தேன் என்று ஊரார் முன்னால் சொல்ல வேண்டும். பிறகு சங்கு ஊதி, இரண்டு அடி கேட்கும்வரை காத்திருக்க வேண்டும்.