பீரோவுக்கு நாலு காவல்

போன் அலறியது.

எதிர்வீட்டு அம்மாள்.

"தம்பி... உங்க அத்தை வீட்டுக்குள்ள யாரோ நடமாடுறாங்க."

மருமான் அப்போதே பெட்டியைக் கட்டினார்.

அத்தை போனதிலிருந்து வீடு பூட்டித்தான் கிடக்கிறது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை, பெற்ற மகனை நம்பாமல், வேறு மாநிலத்தில் குடியிருக்கும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். பீரோவிலுள்ள நகையெல்லாம் பேத்திக்கு. கோர்ட் உத்தரவு வருவதற்குள் ஒரு குண்டுமணி குறைந்தாலும் கம்பி எண்ண வேண்டியது இவர்தான்!

சந்தேகம் இவருக்குப் பிறவிக் குணம். சொந்த நிழல் பின்னால் வந்தாலே நின்று முறைப்பார்.

வக்கீல் குமாஸ்தா மேல் ஒரு கண் வைக்கச் சொல்லி, அத்தை மகனிடம் ஒரு சாவிக்கொத்து கொடுத்திருந்தார். மாடிக் குடித்தனக்காரரைக் கவனிக்கச் சொல்லி, குமாஸ்தாவிடம் ஒன்று. அத்தை மகனைக் கவனிக்கச் சொல்லி, மாடிக்காரரிடம் இன்னொன்று.

யாரிடமும் மூச்சு விடக் கூடாதென்று மூவரிடமும் சத்தியம் வேறு.

ரயிலேறி வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் பின்கதவைத் திறந்து, பீரோவுக்குப் பக்கத்திலிருந்த திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தார்.

அங்கே ஏற்கெனவே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்...

"யா... யாரு?"

"நான்தான் மச்சான். சத்தம் போடாதீங்க. கட்டிலுக்கு அடியில குமாஸ்தா இருக்கான்."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நான் மாடிக்காரரைப் பிடிக்க வந்தேன் சார். கதவுக்குப் பின்னால நிக்கிறார் பாருங்க."

கதவுக்குப் பின்னால் ஒரு தும்மல்.

அந்த நேரம் பார்த்து, எதிர்வீட்டு அம்மாள் வரவழைத்த இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். நாலு பேரையும் சுவரோரம் நிறுத்திவிட்டு, பீரோவைத் திறக்கச் சொன்னார்.

காலி!

மருமான் பீரோவுக்குள் தலையை விட்டுத் துழாவினார்.

மற்ற மூவரும் மெல்ல வாயைத் திறந்தார்கள். குமாஸ்தா சுருட்டிவிடுவான் என்று பயந்து, அத்தை மகன் சங்கிலியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். மாடிக்காரருக்குப் பயந்து குமாஸ்தா வளையல்களை. அத்தை மகனுக்குப் பயந்து மாடிக்காரர் நெக்லஸை.

எல்லாம் பத்திரத்துக்காக!

கான்ஸ்டபிள் போய் மூன்றையும் வாங்கி வந்தார்.

"வைரத்தோடு எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர், குமாஸ்தா கொடுத்த உயிலின் நகலைப் புரட்டியபடி.

மூவரும் கையை விரித்தார்கள். தாங்கள் வரும்போதே அது பீரோவில் இல்லை என்றார்கள்.

மருமான் மெல்லக் கையைத் தூக்கினார்.

"அது... இவங்களை நம்ப முடியாம நானே ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டேன் சார். பத்திரத்துக்குத்தான்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இவங்க மூணு பேரும் ஊரைத் தாண்டல. நீங்க மாநிலத்தையே தாண்டிட்டீங்க. ஜீப்ல ஏறுங்க சார். இப்ப கூட்டிட்டுப் போற இடத்துல உங்களுக்கு யார் மேலயும் சந்தேகமே வராது... அங்க எல்லாருமே நிச்சயமான திருடங்கதான்."