சத்தூசி

இந்த முடி என்னுடையது இல்லை. இந்துவுடையதும் இல்லை.

பரிமளம் சவர்க்காரத்தைக் குளியலறையின் சின்னப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கட்டையான, கறுத்த, சுருண்ட ஒரு முடி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் இந்திராணியின் முடி செம்பட்டை, நூல் போல மெல்லியது. தன்னுடையதில் பாதி நரை. வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். நேற்றுக் காலை உறை பிரித்த சவர்க்காரம் அதற்குள் பாதியாய்த் தேய்ந்து, நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பள்ளத்தில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் அதில் அடங்கிப் போனது.

யோசிக்கத் தெம்பில்லை. காலை ஏழரை முதல் கண்டி டவுனில் டிஸ்பென்சரியில் நின்ற கால்கள். பிறகு குண்டசாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்ற கால்கள். முடியை நகத்தால் கிள்ளி எடுத்துத் தண்ணீரோடு விட்டாள். அது ஓட்டை வரை போய், விளிம்பில் சுருண்டு தங்கியது. இன்னொரு வாளி ஊற்றினாள்.

ஈரத் தலையோடு கொல்லைப்புறம் வந்தபோது பக்கத்து வீட்டு றலியா வேலியோரம் நின்றிருந்தாள். மடவளை ஊர்க்காரி, வீட்டிலிருந்தே தையல் தைக்கிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான்.

"பரிமளக்கா, ஊட்டுக்கு யாரும் ஆம்புள வந்தீக்கா?"

"யாரு வரப்போறா? ஏன் றலியா?"

"பகல் முழுக்க நடக்கிற சத்தம். இருமின சத்தமும் கேட்டிச்சி. நான் மிஷினை நிப்பாட்டிட்டுக் கேட்டேன். எனக்கிட்டச் சொல்லாம மாப்பிள்ள எடுத்துட்டீங்களோ என்டு நெனச்சேன்."

"மாப்பிள்ள எடுத்தா அவனுக்கும் சேத்துல்ல நான் கால் அமுக்கணும்? எங் காலை அமுக்கவே ஆளக் காணோம்."

றலியா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்ப இந்திராணியா?" என்றாள்.

"அவதான். ஓட்டப் பழக்கம். நின்ன எடத்துலயே ஓடச் சொல்லியிருக்காரு மாஸ்டர்."

"அது அவட இருமல் இல்லக்கா," என்றாள் றலியா, குரலைத் தாழ்த்தி.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இன்னும் சோறு இருக்கா?"

குரல் தொண்டையிலிருந்து வந்ததாக இல்லை. இன்னும் கீழே எங்கிருந்தோ, கிணற்றில் கல் விழுந்தபின் எழும் ஓசை மாதிரி வந்தது. றலியா எதையும் கேட்காதவள் போலத் தாவணியை இழுத்து முக்காடிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

இந்திராணி நானூறு மீற்றர் ஓடுகிறவள். வருகிற சனிக்கிழமைத் தெரிவுப் போட்டியில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால் அரசாங்கத் திணைக்களம் ஒன்று அவளை விளையாட்டு வீராங்கனையாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு கதிரை, மேசை, தலைக்கு மேல் மின்விசிறி, முடிவில் பென்ஷன். பரிமளத்தின் வம்சத்தில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்தவர் எவரும் இல்லை. கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய அம்மா நின்றாள், அவள் நின்றாள், இப்போது டிஸ்பென்சரியிலும் நிற்கிறாள். முழங்கால் வீங்கும் ஒவ்வொரு ராத்திரியும் அவள் அந்தக் கதிரையைத்தான் நினைத்துக்கொள்வாள்.

அவளுக்கு ஓட்டம் பழக்கும் வீரையா மாஸ்டர் அதற்குத்தான் சத்தூசி கொண்டுவந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குளிசை மருந்தில்லை, ஊசிதான் மருந்து. காய்ச்சலுக்கு ஊசி, அசதிக்கு ஊசி, பசியில்லை என்றாலும் ஊசி. விழுங்கக் குளிசையைக் கொடுத்து அனுப்பினால் டொக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். பரிமளமும் அப்படி வளர்ந்தவள்தான். இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் இடுப்புகளுக்குக் குத்தியிருப்பாள். அவள் குத்தினால் வலிப்பதில்லை என்று டிஸ்பென்சரி மயில்வாகனம் முதலாளியே அவளைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொள்வார். ஆகவே மாஸ்டர் பழைய துணியில் சுற்றிய குப்பிகளை நீட்டியபோது அவள் கேட்டது ஒன்றுதான்: எத்தனை நாளைக்கு ஒருதரம்?

குப்பிகளில் லேபிள் இல்லை. ஊறவைத்துச் சுரண்டிய பசை மட்டும் கண்ணாடியில் பிசுபிசுத்தது. டிஸ்பென்சரியில் லேபிள் இல்லாத குப்பியை அவள் தொடவே மாட்டாள். வீட்டில் தொட்டாள். ஊசி என்றால் நல்லது என்று உடம்போடு ஊறிய நம்பிக்கை அது.

ஐந்து மாதம் ஆகிறது. மகளின் தோள் அகன்றது. தாடை கனத்தது. மேலுதட்டில் பூனைமயிர் கறுத்தது. நேரம் மூன்று விநாடி குறைந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் மாதாமாதம் எடுக்கும் துணிகள் மடித்தது மடித்தபடி கிடந்தன. பரிமளம் அந்தத் தட்டைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

புதன்கிழமை மாலை ஊசி நாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. சட்டியில் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, சின்ன அரத்தால் குப்பியின் கழுத்தை அறுத்து, எண்ணெய் போல் கனத்த மருந்தை உறிஞ்சி எடுத்தாள். இந்திராணி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். அறை முழுக்கத் தைலத்தின் வாடை, அதன் அடியில் இன்னொரு வாடை: மழையில் நனைந்த இரும்புக் கேற்றைப் பிடித்த கையை மோந்தால் வருமே, அது.

"அம்மா," என்றாள் மகள், முகத்தைத் தலையணைக்குள் வைத்தபடி. "நான் ஓடலம்மா."

"என்னா சொல்ற?"

"துப்பாக்கிச் சத்தம் கேக்கும். அதோட தூக்கம் வந்துரும். கோட்டத் தாண்டினதுக்கு அப்பறந்தான் முழிப்பு வருது. எல்லாரும் கை தட்டுறாங்க. யாரு ஓடினதுன்னு எனக்குத் தெரியல."

"அசதிம்மா. சனிக்கிழமை முடிஞ்சா தூங்கலாம்."

"தூங்கித் தூங்கித்தாம்மா அசதியா இருக்கு."

பரிமளம் பஞ்சால் துடைத்தாள். ஊசியை இறக்கினாள். இரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது வழக்கம். இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். தண்டு அவள் விரலுக்கு எதிராக இறுகி நின்றது. பிறகு, அவள் பிடியைத் தளர்த்திய அந்தக் கணத்தில், தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது.

அவள் அழுத்தவில்லை. விரலை எடுத்துவிட்டாள். கையை முற்றாக விட்டுவிட்டாள். சிரிஞ்சு சதையில் நட்ட குச்சி போல் நிமிர்ந்து நின்றது. எண்ணெய் மட்டம் மெதுவாக, ஒரே சீராகக் குறைந்தது. குழந்தை பால் குடிக்கும்போது கன்னம் உள்வாங்குவதுபோல் ஊசியைச் சுற்றிய சதை உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது.

முடிந்ததும் சதையே ஊசியை வெளியே தள்ளியது. ஒரு துளி இரத்தம் இல்லை.

இந்திராணி தூங்கியிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. தடக். தடக். தடக். நின்ற இடத்தில் யாரோ ஓடுகிறார்கள். பரிமளம் திரையை விலக்கி முன்னறையைப் பார்த்தாள். யாரும் இல்லை. மேசைமேல் பீங்கான் தட்டு அந்தத் தாளத்துக்கு அதிர்ந்தது. கட்டிலின் கால் அதிர்ந்தது. மெதுவாகக் குனிந்து மகளின் முதுகில் காதை வைத்தாள்.

உள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பகல் வீரையா மாஸ்டர் டிஸ்பென்சரி வாசலுக்கே வந்தார். குடையை மடக்காமல் நின்றபடி துணிப் பொட்டலத்தை நீட்டினார்.

"ரெண்டு குப்பி. வெள்ளிக்கிழமை ரெண்டையும் சேத்துப் போட்டுருங்க. அதோட சரி."

"இதுல என்னா இருக்கு மாஸ்டர்?"

"அஞ்சு மாசமா கேக்காதத இப்ப கேக்குறீங்களே," என்று அவர் சிரித்தார். "சத்து. நம்ம புள்ளைக எத கண்டுச்சு? ரொட்டியும் சம்பலும். மத்தவளுக பாலும் முட்டையுமா வளந்தவளுக. ஒரே கோட்டுல நிக்க வேணாமா?"

"அவ தூங்கிக்கிட்டே ஓடுறாளாம்."

மாஸ்டரின் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் கண்கள் அவளை விட்டு விலகித் தெருவுக்குப் போயின. மழைக்கு ஒதுங்கி நின்ற கூட்டத்தில் எதையோ தேடின. "அதெல்லாம் பாத்தா எப்பிடி? போடாட்டித்தான் ஆபத்து. எங்கிட்ட முந்தி ஓடப் பழகின ஒரு புள்ள இருந்துச்சு. அதோட அம்மா பாதியில நிப்பாட்டிருச்சு." மேலே சொல்லாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தார். "அது கேக்கும். கேக்கிறப்ப குடுத்துருங்க."

"யாரு கேக்கும்?"

அவர் போய்விட்டார். பொட்டலம் அவள் கையில் இருந்தது. அன்று முழுக்க எண்ணி நாற்பது பேருக்கு ஊசி போட்டாள். ஒவ்வொரு தடவையும் தண்டு அவள் விரலுக்கு அடங்கி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டு வந்தாள். கொட்டும் மழை. நாலு மணிக்கே இருட்டு. றலியாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. மடவளைக்கு, உம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். மிஷின் சத்தம் இல்லை. தகரக் கூரையில் மழை இரைந்தது. அதற்கு நடுவே அவள் வாசலில் நின்று காது கொடுத்தாள்.

தடக் தடக் இல்லை.

நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். இல்லை.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டியில் தண்ணீர் கொதித்தது. அதற்குள் சிரிஞ்சும் ஊசியும் ஒன்றையொன்று மோதிக் கிணுகிணுத்தன. மேசைமேல் பஞ்சு, அரம். காலையில் அவள் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுப் போன இரண்டு குப்பிகளும் அரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. அவற்றில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

"இந்து?"

இந்திராணி கட்டிலில் படுத்திருந்தாள். மெல்லிய குறட்டை. சின்ன வயதிலிருந்தே சளி அடைத்த மூக்கால் விடும் அதே குறட்டை. பரிமளம் அடுப்பை அணைத்தாள். கதிரையில் உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருந்தது. நாளைக்கு ஒரு நாள். ஒரு நிமிடம்கூட இல்லாத ஓட்டம். அதற்குப் பிறகு மேசை, மின்விசிறி. இவ்வளவு தூரம் நின்றே வந்தாயிற்று. அவள் கை போய் அரத்தை எடுத்தது. குப்பியின் கழுத்தில் வைத்தது.

கட்டில் முனகியது.

நிமிர்ந்து பார்த்தாள். மகளின் கால்கள் தரையில் இறங்கியிருந்தன. பிறகு இடுப்பு எழுந்தது. பிறகு தோள். தலை மட்டும் எழவில்லை. அது நெஞ்சில் தொங்கியது. கண் மூடியிருந்தது. வாய் திறந்து, உதட்டோரம் எச்சில் வழிந்தது. குறட்டை அறுபடவில்லை.

உடம்பு நடந்து வந்தது. தடுமாற்றம் இல்லை. கட்டிலின் மூலையைச் சுற்றி வந்தது. விளக்கை மறைத்தது. அவள் முன்னால் நின்றது. அந்த அகன்ற கழுத்தில் தொங்கிய முகம் எட்டு வயதுப் பிள்ளையின் முகம் போல் சிறுத்து, களைத்து, தூங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அது திரும்பியது. டிஸ்பென்சரியில் எல்லாரும் செய்வது போலவே. முதுகைக் காட்டி. பெருவிரலால் இடுப்புத் துணியைச் சற்றுக் கீழே தள்ளி. பழைய துளைகள் எல்லாம் தெரிந்தன. வரிசையாக. அவள் குத்திய துளைகள். ஒவ்வொன்றும் திறந்து திறந்து மூடியது.

"போடு."

குரல் தலைப் பக்கமிருந்து வரவில்லை. அங்கே குறட்டைதான் இருந்தது. முதுகிலிருந்து வந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து.

பரிமளத்தின் விரல்கள் அரத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தன. குப்பிகள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். எழுந்து ஓடத் தோன்றவில்லை. ஓடினாலும் எங்கே. உள்ளே இருப்பவள் அவள் பிள்ளை.

"போடு."

குறட்டை நின்றது.

காத்திருந்தாள். ஒரு மூச்சு. இரண்டு. கூரையில் மழை. குறட்டை திரும்ப வரவில்லை. தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. உடம்பு அசையவில்லை. கால்களை அகட்டி ஊன்றி, இடுப்பை அவள் பக்கம் நீட்டியபடி, பொறுமையாக நின்றது. உள்ளே ஓட்டம் தொடங்கியது. தடக். தடக். மேசையில் அரம் அதிர்ந்து நகர்ந்தது.

"போடு."

கடைசி நோயாளியிடம், கதவைச் சாத்தும் நேரத்தில், எந்தக் கோபமும் இல்லாமல் சொல்வதுபோல் பரிமளம் சொன்னாள்:

"இன்னைக்கு ஊசி இல்ல."