பின்னால் நீட்டிய கை

நடனக் குழுவை மூடியதிலிருந்து அந்தப் பள்ளியில் சலங்கை கட்ட ஆளே கிடையாது. இருந்தும் அவினோவின் காதில் அதன் சத்தம் விழுந்தது.

மைதானத்தின் கடைசி வளைவு முடிந்து பாதை நேராகும் இடத்தில் அவள் நின்றிருந்தாள். தொடர் ஓட்டத்தில் நான்காவதாக ஓடுகிறவளின் இடம் அது. மாலைத் தேநீர் முடிந்ததும் தேயிலைச் சரிவிலிருந்து ஏறத் தொடங்கிய பனி, வேலியையும் சமையலறைப் புகையையும் விழுங்கிவிட்டு, இப்போது ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. நனைந்த புல்லின் வாடையும், தொழிற்சாலையில் வாடும் கொழுந்தின் புளித்த வாடையும், எங்கோ வேகும் பீன்ஸின் வாடையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன. அந்தப் பனிக்குள்ளிருந்துதான் வந்தது. ஜல். ஒரு அடி. ஜல். இன்னொரு அடி. ஏரிக்கரைப் பெண்கள் ஆடும்போது கணுக்காலில் கட்டுகிற இரும்புச் சலங்கை அது. வாளிக்குள் ஆணிகளைக் குலுக்கினாற்போல் கரகரக்கும்.

பிறகு நின்றுவிட்டது.

"என்னடி ஏரிக்கரைக்காரி, நின்னுக்கிட்டே தூங்குறியா?" தன் இடத்துக்குப் போகும் வழியில் ஜெலிமோ அவள் முதுகில் தட்டினாள். முதலாவதாக ஓடுகிறவள் அவள். "மீனைத் தின்னா நீந்தத்தான் வரும். ஓட்டத்தை எங்க மலைக்காரங்ககிட்ட விட்டுடு."

"உனக்குக் கேட்டுச்சா?"

"என்னது?"

"சலங்கை."

ஜெலிமோவின் சிரிப்பு அணைந்தது. "நடன அறைக்குப் பூட்டுப் போட்டாச்சு, அவினோ. நீயும்தானே பார்த்தே."

பார்த்தாள். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவள் தங்கை அகெயோ சாகும்படி விழுந்தது ஓடுபாதையில். அவர்கள் பூட்டியது நடன அறையை. தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் குரலைத் தாழ்த்தி, பிள்ளை அளவுக்கு மீறி ஆடியதால்தான் இப்படி ஆயிற்று என்றார். ஓட்டக் குழு மட்டும் மறுவாரமே மைதானத்தில் இறங்கியது.

பள்ளி திறந்த முதல் நாளே அம்மா ஏரிக்கரை ஊரான கிசுமுவிலிருந்து வந்திருந்தாள். ஒரு பை நிறைய ஓமெனா என்கிற ஏரிப் பொடிமீன் கருவாட்டைக் கொடுத்துவிட்டு, விளையாட்டு ஆசிரியை கெருபோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இளையவளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் நோய். குளிரில் நனைந்தாலோ மூச்சு வாங்க ஓடினாலோ எலும்புக்குள் கத்தி இறங்கும். மெதுவாக ஆடுவாள், களைத்தால் தானே உட்கார்ந்துகொள்வாள், ஓட மட்டும் விடாதீர்கள். கெருபோ தலையாட்டினார். கருவாட்டையும் வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு நடனக் குழு கோப்பையோடு வந்தது. ஓட்டக் குழு வெறுங்கையோடு வந்தது. மூன்றாவதாக ஓடுகிறவள் கணுக்காலைப் பிசகிக்கொண்ட மாலையில், கெருபோ நேராக நடன அறைக்குள் போய் அகெயோவின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். சலங்கையை அவிழ்க்கக்கூட விடவில்லை.

"ஆடத் தெரிஞ்ச காலுக்கு ஓடத் தெரியாதா?"

தூறலில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கால் வலிக்கிறது என்றாள் அகெயோ. "நடிக்கிறா" என்றார். வளைவில் விழுந்தாள். "எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார். அவினோவுக்கு அது எதுவும் அப்போது தெரியவில்லை, பிறகு மற்றப் பெண்கள்தான் சொன்னார்கள். அன்றும் இதே பனி. சொல்லிக்கொடுத்தபடி முன்னால் பார்த்து, கையைப் பின்னால் நீட்டி, தங்கைக்காக அவள் காத்திருந்தாள். அன்று எந்தக் கையும் வரவில்லை. பள்ளி வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சலங்கை பள்ளியின் சொத்து என்று, பிணவறையில் வைத்தே அதை அவள் காலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

கல்யாணமாகாத பெண் என்பதால் ஊர் வழக்கப்படி அம்மாவின் வீட்டு வேலிக்கு வெளியேதான் குழி வெட்டினார்கள். அடக்கத்துக்குக் கெருபோ புதுத் தலைத்துணி கட்டி வந்தார். "எங்களுக்காக ஓடி உயிரைக் கொடுத்தாள்" என்று ஒலிபெருக்கியில் அழுதார். பிறகு தொடர் ஓட்டக் குச்சியை, அந்தச் சிவப்பு அலுமினியக் குழலை, பெட்டிக்குள் அகெயோவின் விரல்களுக்கு நடுவில் செருகி, புகைப்படம் எடுக்கும் வரை அப்படியே குனிந்து நின்றார்.

அம்மாதான் கேட்டாள். "கை மாத்திக் குடுக்கிற பொருளை ஏன் டீச்சர் என் புள்ள கையில வெக்கிறீங்க? அவ அதை எங்க கொண்டுபோய்க் குடுப்பா?"

 பந்தலில் சோறு போட ஆரம்பித்திருந்தார்கள்.

விசில் அடித்தது. அவினோ நிமிர்ந்தாள்.

"நஃபுலா! இன்னும் என்ன அங்க நாட்டியம்?" பனிக்குள்ளிருந்து கெருபோவின் குரல் வந்தது. பச்சை மேலங்கியும் தலைத்துணியும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக அவரே பின்னால் வந்தார். முதலாம் படிவத்துச் சின்னப் பெண் நஃபுலாவை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். அகெயோவின் இடத்துக்கு எடுத்த பெண். கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது.

"ஜுரம் அடிக்குது மேடம்."

"ஓடினா வேர்க்கும். வேர்த்தா ஜுரம் போயிடும். போ."

அவினோ அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் கொதித்தது. "மேடம், இவளால முடியாது."

"உன் தங்கச்சியும் இதைத்தான் சொன்னா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பனியில ஆளு தெரியாது. குரலை நம்பு. 'இந்தா'ன்னதும் கையை நீட்டிக்கிட்டு ஓடு. திரும்பிப் பார்த்தா நேரம் போயிடும். கை வரும்."

கை வரும். எல்லா மாலையும் அதே வார்த்தை.

நஃபுலா வளைவின் மறுமுனைக்கு நடந்து பனிக்குள் கரைந்தாள். கெருபோ முடிவுக் கோட்டுக்குப் போனார். அவினோ தனியானாள். அவளுக்குள் பயமும் கோபமும் ஒரே உலையில் கொதித்தன. இன்று இந்தக் குழந்தை விழுந்தால் இந்தக் கெருபோ இன்னொரு குச்சியை இன்னொரு பெட்டிக்குள் வைப்பாள், இன்னொரு முறை குனிந்து நிற்பாள் என்று நினைத்தபோது பல் கிட்டியது.

விசில். தொலைவில் ஜெலிமோவின் காலடி. அடுத்தவளின் காலடி. அது வளைவுக்குள் வந்து நின்றது. குச்சி நஃபுலாவின் கைக்குப் போயிருக்கும்.

பிறகு சத்தமில்லை. மூச்சு விடும் நேரம் வரை ஒன்றுமில்லை.

ஜல்.

அவினோ முன்னால் பார்த்தாள். முன்னால் வெள்ளை. ஜல், ஜல். புல்லில் நீர் தெறிக்கும் சத்தம். ஒரு காலை இழுத்து இழுத்து ஓடும் தாளம். அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். வலி வந்த நாட்களில் வீட்டில் அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே கேட்டுக் கேட்டுப் பழகியது. அவள் கை தானாகவே பின்னால் போனது. விரல்கள் விரிந்தன.

"இந்தா, அக்கா."

ஓடினாள். உள்ளங்கையில் அறைந்தாற்போல் வந்து விழுந்தது. சில்லென்றிருந்தது. இறுகப் பற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அலறக்கூட மூச்சில்லாமல் முடிவுக் கோடு வரை ஓடினாள்.

கெருபோ கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டினார். "பார்த்தியா! இந்த வருஷத்துலயே இதுதான் வேகம். முடியாது முடியாதுன்னு..."

நிறுத்தினார். பனிக்குள்ளிருந்து ஜெலிமோ வந்தாள். அவள் தோளில் சாய்ந்தபடி நஃபுலா. நஃபுலாவின் கையில் குச்சி இருந்தது.

"நான் வளைவுலயே உக்காந்துட்டேன் அக்கா," என்று அழுதாள். "வாந்தி வந்துச்சு. யாரோ என்னைத் தாண்டிப் போனாங்க."

அவினோ தன் கையைப் பார்த்தாள். சிவப்பு அலுமினியக் குழல். அதன் துளை முழுக்க மண் அடைத்திருந்தது. இந்த மலையில் எங்கே தோண்டினாலும் சிவப்பு மண்தான். இது கறுப்பு. ஏரிக்கரை மண். அம்மாவின் வேலிக்கு வெளியே வெட்டிய குழியின் மண்.

கெருபோவும் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒரு கணம் எல்லாம் வடிந்தது. பிறகு அது திரும்பி வந்தது, எப்போதும் இருக்கும் அதே எரிச்சல்.

"யாருடி இந்த விளையாட்டு விளையாடுறது? நடிக்கிறீங்களா எல்லாரும்?" குழலைப் பிடுங்கிப் பனிக்குள் வீசினார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. "மறுபடியும்! அவங்கவங்க இடத்துக்குப் போங்க. நஃபுலா, போ."

நஃபுலா நகர்ந்தாள். அவினோ அவள் கையைப் பிடித்தாள்.

"இவ ஓட மாட்டா."

"என்ன சொன்னே?"

"இவ ஓட மாட்டா. நானும் ஓட மாட்டேன்."

கன்னத்தில் அடி விழுந்தது. அவினோ கையை விடவில்லை. நஃபுலாவை இழுத்துக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். ஜெலிமோ இருவரையும் பார்த்தாள், கெருபோவைப் பார்த்தாள், பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு வந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். 

"பயமா? பனியைப் பார்த்துப் பயமா?" கெருபோவின் குரல் கிறீச்சிட்டது. வளைவுக்கு முதுகைக் காட்டி, அவினோ நின்ற அதே கோட்டில் போய் நின்றார். முழங்காலை மடக்கினார். வலது கையைப் பின்னால் நீட்டினார். "இப்படித்தான் நிக்கணும். இப்படி நம்பணும். உங்கள்ல ஒருத்தி எழுந்து குச்சியைக் கொண்டு வர்ற வரைக்கும் நான் இந்தக் கையை எடுக்க மாட்டேன். கொண்டா!"

யாரும் எழவில்லை.

"கொண்டாங்கிறேன்!"

ஜல்.

இம்முறை எல்லாப் பெண்களும் கேட்டார்கள். நஃபுலா அவினோவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். ஜல், ஜல். வளைவிலிருந்து. ஒரு காலை இழுத்து. நெருங்கி. இன்னும் நெருங்கி. கெருபோவின் விரல்கள் சட்டென்று மூடின.

அவர் சிரித்தார். "பார்த்தீங்களா? வந்துடுச்சு. எவளோ ஒருத்திக்காவது..."

அவர் கண் எதிரே புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் ஓடியது. ஒவ்வொருத்தி மேலும். அவினோ. ஜெலிமோ. மற்றவர்கள். எல்லாரும் இருந்தார்கள்.

சிரிப்பு வாயிலேயே நின்றது. கையை உதறினார். வரவில்லை. இழுத்தார். வரவில்லை. குழலின் மறுமுனையை எதுவோ பற்றியிருந்தது. பனி அங்கே கொஞ்சம் கெட்டியாக, ஒரு பெண்ணின் உயரத்துக்கு இருந்தது.

கெருபோ ஓடினார்.

முடிவுக் கோட்டைத் தாண்டி ஓடினார். முதல் வளைவில் பனி அவரை மூடியது. சலங்கை மட்டும் சுற்றி வந்தது. மீண்டும் அவர்கள் முன்னால் வந்தபோது தலைத்துணி இல்லை. கை பின்னாலேயே முறுக்கியிருந்தது. கண்கள் அவர்களையே பார்த்தன. பின்னால் திரும்ப மட்டும் அவர் கழுத்து மறுத்தது.

"பிடிங்கடி... யாராவது... கால் வலிக்குது..."

போனார். வந்தார். ஒரு காலை இழுத்துக்கொண்டு. வளைவில் விழுந்தார். அகெயோ விழுந்த அதே இடம்.

ஜெலிமோ எழப்போனாள். அவினோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, மிக நிதானமாக வந்தது.

"எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மேடம் சொல்லியிருக்காங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருத்தியும் எழவில்லை. வளைவில் பனி விலகிய இடத்தில் கெருபோ குப்புறக் கிடந்தார். மூச்சு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் கால்கள் இரண்டும் ஈரப் புல்லை உதைத்து உதைத்து ஓடிக்கொண்டிருந்தன, நிற்காமல், ஒன்றை இழுத்து இழுத்து. பூட்டிய நடன அறையில் இருக்க வேண்டிய அந்த இரும்புச் சலங்கை இரண்டு கணுக்கால்களிலும் இறுகக் கட்டியிருந்தது.