தெல்ஃபினாவைக் கூப்பிடும் குரல்

"நீ எப்ப மேல வந்தே?" என்றாள் ஹெர்மானியா, ஈர விறகை அடுப்போரம் போட்டபடி. "இப்பத்தானே கீழ பள்ளத்துல தெல்ஃபினாவக் கூப்பிட்டுக்கிட்டிருந்தே?"

ஒல்மேதோவின் வாயில் வாழைக்காய் உருண்டை இருந்தது. மதியத்திலிருந்து அவன் அந்த முக்காலியை விட்டு நகரவில்லை. மென்று விழுங்கிவிட்டு, "உன் தம்பியா இருக்கும்" என்றான்.

"அவன்தான் விருந்தாளிங்களக் கூட்டிட்டு வர காலையிலயே வண்டிய எடுத்துட்டுப் போயாச்சே. உன் குரல் எனக்குத் தெரியாதா, கெழவா? இருபத்தாறு வருஷமாக் கேட்டுச் சலிச்ச குரல். ஆனா ஒண்ணு, நீ இவ்வளவு சந்தோஷமாப் பேசி ரொம்ப நாளாச்சு."

அவள் சிரித்துக்கொண்டே கோழிகளை அடைக்கப் போய்விட்டாள். மணி மூன்றுதான். ஆனால் மேகம் வழக்கம்போலப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, விடுதியின் படிகளைத் தாண்டி, தேன்சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட்டிருந்த கொக்கிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஒல்மேதோ பாதி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினான். பாசியிலிருந்து நீர் சொட்டும் ஓசை. ஓடையின் ஓசை. அதற்கும் கீழே, தூரத்தில், ஒரு மனிதக் குரல்.

"வா, வா, தெல்ஃபினா. வா மகளே, வா."

அது அவனுடைய குரலேதான். 'மகளே' என்னும்போது லேசாகக் கரகரக்கும் அந்த இடம்கூட அப்படியே இருந்தது.

தெல்ஃபினா ஒரு பறவை. உருண்டை உடம்பு, குச்சிக்கால், வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. பறப்பதைவிடத் தரையில் தத்திப் போவதுதான் அதிகம். ஆளைக் கண்டால் புதருக்குள் மறையும் அந்த இனத்தில் ஒன்றை, மூன்று வருடம் தினமும் புழு நறுக்கி வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெயர் சொன்னால் மரக்கட்டைமேல் வந்து நிற்கும்படி பழக்கியவன் ஒல்மேதோ. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் அவன் போட்ட பெஞ்சில் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பார்கள். "உஷ்... யாரும் அசையாதீங்க. வந்துட்டா" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் உயிரோடிருந்தான் என்றால் மிகையில்லை.

போன வருடம் மைத்துனன் வினிசியோ வேலைக்கு வந்தான். இளவயது, சிரித்த முகம், பத்து வார்த்தை ஆங்கிலம். ஓடைக்கு அந்தப்பக்கம் தனக்கென்று ஒரு கட்டையைப் போட்டு, அவனும் கூப்பிட்டான். ஒரே மாதத்தில் தெல்ஃபினா அவனிடமும் போனாள். பிறகு அவனிடம் மட்டுமே போனாள். விருந்தினர் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வினிசியோ, வினிசியோ. அவன் கூப்பிடும் நேரத்தில் ஒல்மேதோ அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டான். கட்டிய மனைவி அடுத்தவனோடு ஓடியிருந்தால்கூட வயிறு இப்படி எரிந்திருக்காது.

எரிந்த வயிறு ஒரு வழியைக் கண்டுபிடித்தது. விருந்தினர்களுக்கு அவனே எட்டு வருடமாகச் சொல்லிவந்த சங்கதிதான். பறவையின் குரலைப் பதிவுசெய்து அதன் இடத்திலேயே ஒலிக்கவிட்டால் அது ஓடி வரும். பாசத்தால் அல்ல. தன் இடத்தில், தன் குரலில் இன்னொன்று பாடுவதைப் பொறுக்க முடியாத எரிச்சலால். ஒருமுறை, இரண்டுமுறைக்கு மேல் ஒலிக்கவிடக் கூடாது. தீனியை விட்டு, முட்டையை விட்டு, இல்லாத எதிரியைத் தேடித் தேடியே அது ஓய்ந்துபோகும். அது தெரிந்தே, வினிசியோவின் கட்டைக்குப் பக்கத்து மரப்பொந்தில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மறைத்துவைத்தான் ஒல்மேதோ. வினிசியோ ஊருக்குப் போயிருந்த நான்கு நாளும், விடிந்ததிலிருந்து அடையும்வரை தெல்ஃபினாவின் குரல் தெல்ஃபினாவையே அழைத்துக்கொண்டிருந்தது. அந்த இடம் அவளுக்கு வெறுத்துவிட்டால் தன்னிடமே திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டான்.

ஐந்தாம் நாள் காலை அவள் பொந்துக்கு அடியில் கிடந்தாள். அலகு திறந்திருந்தது. கையில் எடுத்தால் எடையே இல்லை. கூட்டில் இரண்டு முட்டைகள் சில்லிட்டுப் போயிருந்தன. எல்லாவற்றையும் இலைச்சருகுக்குள் புதைத்துவிட்டு வந்தான். அது முந்தாநாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவளை யாரோ கூப்பிடுகிறார்கள். அவன் குரலில்.

வினிசியோதான். எங்கோ ஒளிந்து என் குரலைப் பதிவுசெய்திருக்கிறான், என்னைக் கேலி செய்கிறான் என்று பொருமியபடி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான் ஒல்மேதோ. பாதையின் இருபுறமும் மரங்கள் இடுப்புக்குமேல் காணாமல் போயிருந்தன. அழுகிய இலையும் ஈர மண்ணும் சேர்ந்த அந்தப் பழகிய வாசனையில் வேறொன்றும் கலந்திருந்தது. கோழிக்கூட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடான இறகுநாற்றம். வினிசியோவின் கழுத்தைப் பிடித்து என்னென்ன கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

பாதி வழியில் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"மச்சான், கேக்குதா? பாலத்துக்கிட்ட மண் சரிஞ்சுபோச்சு. ஆறு பேரு வண்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கோம்." வினிசியோவின் பின்னால் பெரிய ஆற்றின் இரைச்சலும், யாரோ ஒரு பெண் தும்முவதும் கேட்டன. பாலம் ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

ஒல்மேதோ நின்றுவிட்டான். "நீ... அங்கயா இருக்கே?"

"வேற எங்க, ஆகாசத்துலயா? இரு மச்சான், ஒரு ஒத்தாச. நீ போய் தெல்ஃபினாவக் கொஞ்சம் கூப்பிட்டுப் பழக்கி வையி. ஒரு வாரமா நான் வேற கூப்பிடல. எப்பிடியும் உனக்குத்தானே அவ வருவா?"

"உனக்கும்தானே வந்தா."

வினிசியோ சிரித்தான். "எனக்கு எங்க வந்தா? மொத ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன், எட்டிக்கூடப் பாக்கல. அப்புறம் உன்ன மாதிரியே கரகரன்னு பேசிப் பாத்தேன், ஓடி வந்துட்டா. உன் குரல்னு நெனச்சுத்தான் வந்தா, பாவி. இத்தன நாளா வெக்கப்பட்டுக்கிட்டு உங்கிட்ட சொல்லல."

கரகரப்பு நின்றது. ஒல்மேதோ ஈரக் கருவியைக் கையில் பிடித்தபடி நின்றான். இத்தனை நாளும் அவள் அவனைத் தேடித்தான் அந்தப்பக்கம் போயிருக்கிறாள். அழுகை வந்தது. வாய்விட்டே அழுதான்.

அப்போது கீழிருந்து குரல் மறுபடி கேட்டது. இன்னும் அருகில்.

"வா மகளே, வா."

வினிசியோ பாலத்தில் இருக்கிறான். ஹெர்மானியா கோழிகளோடு இருக்கிறாள். இந்த மலையில் வேறு மனிதர் இல்லை. திரும்பிவிடு என்றது புத்தி. இரண்டு அடி மேலேறவும் செய்தான்.

"உஷ்... யாரும் அசையாதீங்க" என்றது குரல். அவன் பெருமை, அவன் பூரிப்பு, அவனே மறந்துபோயிருந்த சந்தோஷம். "வந்துட்டா."

அதையடுத்துப் பலபேர் மெல்ல மூச்சுவிடும் ஒலி. பெஞ்ச் பலகை முனகும் ஒலி. பிறகு, கண்ணாடிக் குழாய்க்குள் ஊதியதுபோல, நீண்டு நடுங்கும் ஒரு குரல். தெல்ஃபினா.

அவளைத் தன் கையால் புதைத்திருந்தான். அது தெரியும். இப்படி அழைத்தால் எது வரும், எதனால் வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். எட்டு வருடம் பாடம் நடத்தியவன். எல்லாம் தெரிந்தும், என் பெஞ்ச், என் கட்டை, என் பெண், அங்கே நிற்பது எவன் என்று வயிறு கொதித்தது. பயத்தைவிட அந்தக் கொதிப்பே பெரிதாக இருந்தது.

கால்கள் திரும்பின. கீழே.

வேகமாக நடந்தான். ஓடினான். பெரணி இலைகள் முகத்தில் அறைந்தன. ஓடையில் ஒரு பூட்ஸ் போனது. நிற்கவில்லை. குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். அவனும் போனான். இடப்பக்கம். வலப்பக்கம். மூச்சு வாங்கியது. வாய் திறந்தபடியே இருந்தது.

"வா, வா."

எவ்வளவு நேரம் சுற்றினானோ. வெளிச்சம் மட்டும் மாறவேயில்லை. அதே வெள்ளை.

திறந்தவெளி. அவன் திறந்தவெளி. நடுவே அவன் கட்டை.

யாருமில்லை.

கட்டைமேல் பறித்த இலை ஒன்று விரித்திருந்தது, அவன் புழு வைக்கும்போது விரிப்பதுபோலவே. அதன்மேல் பாதி வாழைக்காய் உருண்டை. ஓரத்தில் அவன் பல் பதிந்த தடம். இன்னும் ஆவி பறந்தது.

இறகுநாற்றம் அடர்ந்தது.

பெஞ்ச் இருக்கும் பக்கம் பார்த்தான். மேகம் அதன் பலகைவரை இறங்கியிருந்தது. பலகைக்குக் கீழே மட்டும் தெரிந்தது. கால்கள். வரிசையாக. குச்சிபோல் ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், செதில் செதிலாக, மனிதக் கால்களைவிட நீளமாக. ஒன்றுகூட அசையவில்லை.

ஓடிவிட நினைத்தான். எங்கே ஓடுவது? குரல் எல்லாப் பக்கமும் இருந்தது. பசித்தது. எப்போதிலிருந்தோ பசித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி. நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான். இன்னொரு அடி.

"வா, ஒல்மேதோ. வா மகனே, வா."

கட்டையைத் தொட்டான்.

பெஞ்சில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"உஷ்..." என்றது அவன் குரல், அத்தனை சந்தோஷமாக. "யாரும் அசையாதீங்க. வந்துட்டான்."